படிவத்தின் மறுமுனையில் யார்? அமெரிக்க மாநிலங்களின் கருக்கலைப்பு அறிக்கைச் சட்டங்கள்

இரு கணக்குகள்

2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எத்தனை கருக்கலைப்புகள் நடந்தன? இதற்கு இரண்டு விடைகள் புழக்கத்தில் உள்ளன. நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையமான சி.டி.சி. தரும் எண் 6,20,327. குட்மேக்கர் இன்ஸ்டிட்யூட் என்ற தனியார் ஆய்வு நிறுவனம் தரும் எண் 9,30,160. மூன்று லட்சத்துக்கும் மேல் வித்தியாசம்.

முதல் எண்ணுக்குப் பின்னால் சட்டத்தின் கட்டாயம் நிற்கிறது. 46 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும், தாம் செய்யும் ஒவ்வொரு கருக்கலைப்புக்கும் மருத்துவரோ மருத்துவமனையோ அரசுக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும் என்ற விதி அப்போது இருந்தது. இரண்டாவது எண்ணுக்கு அப்படி எந்தச் சட்டத்தின் துணையும் இல்லை. மருத்துவமனைகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, பதில் வராத இடங்களைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டு, அப்படியும் கிடைக்காததை மதிப்பிட்டுச் சேர்த்த கணக்கு அது. இருந்தும், முழுமைக்கு நெருக்கமானது எது என்று கேட்டால் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கைகாட்டுவது இரண்டாவதைத்தான்.

இந்த இடைவெளியில் பாதிக்கும் மேலானதற்கு எளிய விளக்கம் உண்டு. கலிபோர்னியா, மேரிலாந்து, நியூ ஹாம்ப்ஷயர் மூன்றும் சி.டி.சி.க்குக் கணக்குத் தருவதில்லை. கலிபோர்னியாவில் மட்டுமே அந்த ஆண்டு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் நடந்ததாகக் குட்மேக்கர் கணக்கிட்டது. மாநிலம் சி.டி.சி.க்குத் தருவது முற்றிலும் விருப்பத்தின்பேரில்தான். மீதி வித்தியாசம், கணக்குத் தரும் மாநிலங்களிலேயே விடுபட்டுப்போனவை. ஆக, கட்டாயம் மருத்துவருக்கு மட்டும். அவர் எழுதிக் கொடுத்ததை மாநிலம் எப்படிப் பாதுகாக்கும், யாரிடம் காட்டும், எதற்குப் பயன்படுத்தும் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

அப்படியானால் இந்தச் சட்டங்கள் உண்மையில் எதை விளைவிக்கின்றன? ஆதரிப்போர் பொதுச் சுகாதாரம், வெளிப்படைத்தன்மை என்கிறார்கள். எதிர்ப்போர் கண்காணிப்பு என்கிறார்கள். இரு தரப்பும் படிவத்தின் குணம் அதன் கேள்விகளிலேயே இருப்பதாக எடுத்துக்கொண்டு வாதிடுகின்றன. ஆனால் அடிப்படைக் கேள்விகள் பலவும் ஐம்பதாண்டுகளாக ஏறக்குறைய அவையேதான். தாளை வாங்கிக்கொள்ளும் கைதான் மாறியிருக்கிறது. அந்தக் கையைப் பார்த்தே இச்சட்டங்களை எடைபோட வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஒரு தாளில் எவ்வளவு

கூட்டரசின் தேசியச் சுகாதாரப் புள்ளிவிவர மையம் மாநிலங்களுக்காக ஒரு மாதிரிப் படிவத்தை வகுத்துக் கொடுத்தது. பல மாநிலங்கள் அதை அப்படியேயோ கூட்டிக் குறைத்தோ பயன்படுத்துகின்றன. முதலில் இடம்: மருத்துவமனையின் பெயர், ஊர், கவுன்டி. அடுத்து நோயாளி: அடையாள எண், வயது, மணமானவரா, எந்த மாநிலம், எந்தக் கவுன்டி, எந்த ஊர், என்ன இனம், ஹிஸ்பானிக் வம்சாவளியா, எதுவரை படித்தவர். பிறகு மருத்துவ விவரம்: கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதி, மருத்துவர் கணித்த கர்ப்ப வாரம், பெற்ற பிள்ளைகளில் உயிரோடிருப்போர் எத்தனை, இறந்தோர் எத்தனை, முன்பு தானாகக் கலைந்தவை எத்தனை, கலைத்தவை எத்தனை, இப்போது கையாண்ட முறை எது. கடைசியாக மருத்துவரின் பெயர்.

நோயாளியின் பெயருக்கு இடமில்லை. இதையே காப்பு என்று சட்டத்தை ஆதரிப்போர் எப்போதும் சுட்டுவார்கள். ஆனால் பெயர் இல்லாததும் அடையாளம் இல்லாததும் ஒன்றல்ல என்பதைக் கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே விவரங்கள் போதும், அமெரிக்க மக்கள்தொகையில் 87 சதவீதத்தினரைத் தனித்தனியே பிரித்தறிந்துவிடலாம் என்று அவர் மதிப்பிட்டார். கருக்கலைப்புப் படிவத்தில் பிறந்த தேதி கேட்பதில்லைதான். ஆனால் ஐயாயிரம் பேர் மட்டுமே வாழும் ஒரு கவுன்டியில், 34 வயது, மணமானவர், ஆசிய இனம், பட்டப்படிப்பு, உயிரோடிருக்கும் பிள்ளைகள் நான்கு என்று கட்டங்கள் நிரம்பிவிட்டால், தேவாலய வாசலில் நிற்கும் யாரும் அந்தப் பெண் யார் என்று சொல்லிவிடுவார்கள்.

தொடக்கத்தில் பெயரையே கேட்ட இடமும் உண்டு. 1970 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் கருக்கலைப்பு சட்டபூர்வமானபோது, நியூயார்க் நகரச் சுகாதாரத் துறைக்குப் போகும் சான்றிதழில் பெண்ணின் பெயரும் எழுதப்பட்டது. அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1975இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. இன்றைக்கு அதிர்ச்சியாகத் தெரியும் இந்தத் தீர்ப்பு அன்று பெரிய கொந்தளிப்பை உண்டாக்கவில்லை. வாங்கி வைத்தது சுகாதாரத் துறை. அத்துறை அந்த விவரத்தை வைத்து என்ன செய்தது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எண்கள் செய்த நன்மை

என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கட்டாய அறிக்கையை எதிர்ப்போர் இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சி.டி.சி. கருக்கலைப்புக் கணக்கெடுப்பைத் தொடங்கியது 1969இல். கருக்கலைப்பை நாடு முழுக்கச் சட்டபூர்வமாக்கிய ரோ எதிர் வேட் தீர்ப்புக்கு நாலாண்டு முன்பு. அன்றைய தொற்றுநோயியல் மருத்துவர்களின் கவலை பெண்களின் சாவுதான். 1972இல் சட்டவிரோதக் கருக்கலைப்பால் 39 பெண்களும் சட்டபூர்வமானதால் 24 பெண்களும் இறந்ததாக மையம் பதிவு செய்தது. நாடு முழுக்கச் சட்டபூர்வமான பிறகு முதல் எண் சில ஆண்டுகளில் ஒற்றை இலக்கத்துக்குச் சரிந்தது. சட்ட மாற்றம் உயிர் காத்தது என்று இன்று நாம் உறுதியாகச் சொல்ல முடிவது இந்தக் கணக்கு இருப்பதால்தான்.

இன்னொரு பயன் மருத்துவ நடைமுறையிலேயே விளைந்தது. கர்ப்பத்தின் மூன்று மாதம் கடந்துவிட்டால் உப்புக் கரைசலைக் கருப்பைக்குள் செலுத்திப் பிரசவம்போல் வெளிக்கொணர்வதுதான் அன்றைய வழக்கம். கருப்பை வாயை விரித்துக் கருவியால் அகற்றும் முறை அந்தக் கட்டத்தில் ஆபத்தானது என்று பாடப்புத்தகங்கள் எச்சரித்தன. 1970களில் மருத்துவமனைகள் பலவற்றிலிருந்து திரட்டிய விவரங்களை வைத்து சி.டி.சி.யின் மருத்துவர்கள் ஒப்பிட்டபோது நேர்மாறாகத் தெரிந்தது: பாடப்புத்தகம் அஞ்சிய முறையே பாதுகாப்பானது. சில ஆண்டுகளில் உப்புக் கரைசல் முறை வழக்கொழிந்தது. எத்தனை வாரம், எந்த முறை, என்ன சிக்கல் என்ற விவரங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

எனவே, இவ்வகைப் படிவமே அடிப்படையில் ஒடுக்குமுறைக் கருவி என்ற வாதம் வரலாற்றுக்குப் பொருந்தாது. காசநோயையும் புற்றுநோயையும் மருத்துவர்கள் பெயரோடுதான் அரசுக்குத் தெரிவிக்கிறார்கள். யாரும் அதை வேவு என்று சொல்வதில்லை.

நீதிமன்றம் போட்ட வேலி

1976இல் மிசௌரி மாநிலச் சட்டம் தொடர்பான டான்ஃபோர்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முதன்முறையாக இதைப் பரிசீலித்தது. பதிவேடு வைப்பதும் அறிக்கை அனுப்புவதும் செல்லும், ஆனால் இரண்டு நிபந்தனைகள்: தாயின் உடல்நலத்தோடு நியாயமான தொடர்பு இருக்க வேண்டும், நோயாளியின் இரகசியம் காக்கப்பட வேண்டும். பத்தாண்டு கழித்து, பென்சில்வேனியாவின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் குறித்த தார்ன்பர்க் வழக்கில் இந்த நிபந்தனைகளுக்குப் பல் முளைத்தது. அந்தச் சட்டம் மருத்துவர், பரிந்துரைத்த மருத்துவர், பெண்ணின் வசிப்பிடம், வயது, இனம், திருமண நிலை, முந்தைய கர்ப்பங்கள், கட்டணம் செலுத்திய முறை வரை கேட்டது. அவற்றைப் பொதுமக்கள் பார்வையிடவும் நகலெடுக்கவும் திறந்து வைத்தது. உடல்நலத் தேவையைத் தாண்டிய இவ்வளவு விவரம் வெளியானால் பெண்ணை அடையாளம் கண்டுவிட முடியும் என்று சொல்லி நீதிபதி பிளாக்மன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அந்தப் பிரிவுகளை ரத்து செய்தது. ஐந்துக்கு நான்கு என்ற நூலிழைப் பெரும்பான்மை.

1992இல் கேசி வழக்கு, அதே பென்சில்வேனியா. திருத்திய அறிக்கை விதிகளை நீதிமன்றம் ஏற்றது. கணவனிடம் சொல்லாததற்கான காரணத்தை எழுதச் சொன்ன ஒரு கட்டத்தை மட்டும் நீக்கியது.

மூன்று தீர்ப்புகளையும் தாங்கி நின்ற தூண் ஒன்றுதான்: கருக்கலைப்பு அரசியல் சாசன உரிமை. உரிமைக்குச் சுமையாகிறதா என்று பார்த்துத்தான் படிவம் எடைபோடப்பட்டது. 2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் தீர்ப்பு அந்தத் தூணைச் சாய்த்தது. வேலியும் கூடவே சாய்ந்தது. அறிக்கைச் சட்டங்கள் மட்டும் அப்படியே நின்றன. டாப்ஸ் பற்றிய ஏராளமான விவாதங்களில் இந்த ஒரு விளைவுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

வேலி இருந்த காலத்திலேயே எட்டிப் பார்க்கும் முயற்சிகள் நடந்தன. 2009இல் ஓக்லஹோமா மூன்று டஜனுக்கும் மேற்பட்ட கேள்விகளைக் கொண்ட படிவத்தை இயற்றி, விடைகளின் தொகுப்பை இணையத்தில் வெளியிடவும் ஏற்பாடு செய்தது. ஒரே சட்டத்தில் பல பொருள்களைத் திணித்ததாகச் சொல்லி மாநில நீதிமன்றம் அதை நிறுத்த, பேரவை மறு ஆண்டே பிரித்துப் பிரித்து மறுபடி நிறைவேற்றியது. 2019 அக்டோபரில் மிசௌரியில் நடந்தது இன்னும் துலக்கமானது. செயின்ட் லூயிஸ் நகரில் எஞ்சியிருந்த ஒரே கருக்கலைப்பு மருத்துவமனையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த வழக்கில் மாநிலச் சுகாதாரத் துறை இயக்குநர் சாட்சியம் சொன்னார். நோயாளிகளின் கடைசி மாதவிடாய்த் தேதிகளை வரிசைப்படுத்திய அட்டவணை ஒன்றைத் தம் துறை தயாரித்திருந்ததை அப்போது ஒப்புக்கொண்டார். முதல்முறை கருக்கலைப்பு முழுமையடையாமல் மறுபடி வந்த பெண்களைக் கண்டுபிடிப்பதற்காம். மாதவிடாய்த் தேதியைக் கேட்பதற்குச் சொல்லப்பட்ட நோக்கம் கர்ப்ப காலத்தைக் கணிப்பது. கடைசியில் அது உரிமத்தை மறுக்கும் வாதத்துக்குத் தீனியானது. உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது தவறு என்று 2020 மே மாதம் மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் முடிவு செய்தது. ஆனாலும் ஒரு பாடம் எஞ்சியது: புள்ளிவிவரப் படிவத்தின் ஒரு கட்டத்தை விசாரணைக் கோப்பாக்க, கணினியில் ஓர் அட்டவணையும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

இன்டியானா: ஒரே தாள், இரண்டு வாதங்கள்

இந்தச் சட்டங்களின் இரு முகங்களையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் இன்டியானாவுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒவ்வொரு கருக்கலைப்புக்கும் 'முடிக்கப்பட்ட கர்ப்ப அறிக்கை' ஒன்று மாநிலச் சுகாதாரத் துறைக்குப் போக வேண்டும். நோயாளி 16 வயதுக்குக் குறைந்தவர் என்றால் மூன்று நாளுக்குள் குழந்தைகள் நலத் துறைக்கும் போக வேண்டும். அனுப்பத் தவறுவது குற்றம். சிறை வரை போகலாம்.

டாப்ஸ் தீர்ப்பு வந்த அன்றே பக்கத்து மாநிலமான ஒஹாயோவில் ஆறு வாரத் தடை அமலானது. பாலியல் வன்முறைக்கு உள்ளான பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அங்கிருந்து இன்டியானாவுக்கு அழைத்து வரப்பட்டாள். சிகிச்சை அளித்தவர் மகப்பேறு மருத்துவர் கைட்லின் பெர்னார்ட். செய்தி பரவியதும் மாநில அட்டர்னி ஜெனரல் டாட் ரொகிட்டா, மருத்துவர் சட்டப்படி அறிக்கை அனுப்பினாரா என்று விசாரிப்பதாக ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் சொன்னார். அனுப்பத் தவறிய பழக்கம் அவருக்கு உண்டு என்ற தொனியில் பேசினார். மறுநாளே செய்தியாளர்கள் பொது ஆவணச் சட்டத்தின்கீழ் அந்த அறிக்கையின் நகலைப் பெற்று வெளியிட்டார்கள். ஜூன் 30 அன்று சிகிச்சை, ஜூலை 2 அன்று அறிக்கை. மருத்துவர் கெடுவுக்குள் அனுப்பியிருந்தார்.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். மருத்துவரைப் பொய்க் குற்றச்சாட்டிலிருந்து காப்பாற்றியது எது? கட்டாயப் படிவமும் அது பொது ஆவணமாக இருந்ததும். அதே சமயம், ஒரு குழந்தையின் வயது, அவளுக்கு நேர்ந்தது, அவளுடைய கர்ப்பத்தின் வாரக் கணக்கு எல்லாம் நாடு முழுக்க எழுத்து எழுத்தாகப் படிக்கப்பட்டதற்கும் காரணம் அதே படிவம்தான். வெளிப்படைத்தன்மையின் பலன் மருத்துவருக்கு. விலை கொடுத்தவள் சிறுமி. பின்னர் 2023 மே மாதம் மாநில மருத்துவ உரிம வாரியம், அறிக்கை அனுப்பத் தவறினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து பெர்னார்டை விடுவித்தது. ஆனால் நோயாளி பற்றிச் செய்தியாளரிடம் பேசியது இரகசிய மீறல் என்று கண்டித்து 3,000 டாலர் அபராதம் விதித்தது. அட்டர்னி ஜெனரலையும் அவருடைய தொலைக்காட்சிப் பேச்சுக்காக அந்த ஆண்டு நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் பகிரங்கமாகக் கண்டித்தது. மருத்துவர் பேசியது இரகசிய மீறல் என்றால், அதே விவரங்களை அரசு ஆவணமாக யார் கேட்டாலும் நீட்டியதற்கு என்ன பெயர்? வாரியத்தின் முன் இருந்தது அந்தக் கேள்வி அல்ல. ஆனால் கேள்வி அங்கேயேதான் கிடக்கிறது.

2023 ஆகஸ்டில் இன்டியானாவின் ஏறக்குறைய முழுமையான தடை அமலுக்கு வந்தது. 2022இல் ஒன்பதாயிரத்துக்கும் மேலாக இருந்த எண்ணிக்கை, மூன்று மாதத்துக்குச் சில பத்துகள் என்ற அளவுக்குச் சரிந்தது. அவையும் தாயின் உயிருக்கு ஆபத்து, கருவின் கடுங்குறைபாடு, வன்புணர்வு போன்ற விலக்குகளின்கீழ் நடப்பவை. எண்ணிக்கை இப்படிச் சுருங்கினால் ஒவ்வொரு தாளும் ஒரு முகமாகிவிடுகிறது. இதைச் சுட்டிக்காட்டித்தான், தனித்தனி அறிக்கைகள் மருத்துவ ஆவணத்துக்குச் சமம், வெளியிட வேண்டாம் என்று 2023 டிசம்பரில் மாநிலத்தின் பொது ஆவண ஆலோசகர் கருத்துச் சொன்னார். சுகாதாரத் துறையும் தொகுப்பை மட்டும் வெளியிடத் தொடங்கியது. ரொகிட்டா 2024 ஏப்ரலில் எதிர்க் கருத்து வெளியிட்டார்: தனி அறிக்கைகள் வெளியாகாவிட்டால் தடைச் சட்டம் மீறப்படுகிறதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 2025 தொடக்கத்தில் புதிய ஆளுநரின் நிர்வாகம் அறிக்கைகளைத் தருவதாகச் சமரசம் செய்துகொண்டது. பெர்னார்டும் இன்னொரு மகப்பேறு மருத்துவரும் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றார்கள்.

ரொகிட்டாவின் வாதத்தைப் பாராட்ட வேண்டும், நேர்மைக்காக. பொதுச் சுகாதாரம் என்ற சொல்லை அவர் போர்வையாகக் கூடப் பயன்படுத்தவில்லை. குற்றம் கண்டுபிடிக்கத் தாள் வேண்டும் என்று நேராகவே சொல்லிவிட்டார். 1976இல் டான்ஃபோர்த் தீர்ப்பு எந்த நோக்கத்துக்காகப் படிவத்தை அனுமதித்ததோ, அதன் தடயம்கூட இந்த வாதத்தில் இல்லை.

காரணம் கேட்பது

கான்சாஸ் வேறொரு திசையில் போனது. 2022 ஆகஸ்டில் அம்மாநில வாக்காளர்கள் கருக்கலைப்பு உரிமையை அரசியல் சாசனத்திலிருந்து நீக்கும் திருத்தத்தைத் தெளிவான வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். தடை போட முடியாத பேரவை, கேள்வி கேட்கத் தீர்மானித்தது. 2024இல் நிறைவேறிய சட்டம், ஒவ்வொரு பெண்ணிடமும் பதினொரு காரணங்கள் கொண்ட பட்டியலை வாசித்து, முக்கியமானது எது என்று கேட்டு அரசுக்குத் தெரிவிக்க மருத்துவர்களைப் பணித்தது. படிப்புக்கோ வேலைக்கோ இடையூறு, குழந்தையை வளர்க்க வசதியில்லை, ஏற்கெனவே போதுமான பிள்ளைகள், துணைவர் கொடுமைப்படுத்துகிறார், வன்புணர்வு என்று நீளும் பட்டியல். பெண் பதில் சொல்ல மறுக்கலாம். மருத்துவர் கேட்காமல் இருக்கக் கூடாது. ஆளுநர் லாரா கெல்லி மறுப்பாணை போட்டார். பேரவை அதை மீறி ஏப்ரல் இறுதியில் சட்டமாக்கியது. மருத்துவமனைகள் வழக்குத் தொடுத்ததும், வழக்கு நடக்கும்வரை அமல்படுத்துவதில்லை என்று அரசுத் தரப்பு ஒப்புக்கொண்டது.

காரணங்களைத் தெரிந்துகொள்வதில் ஆய்வு மதிப்பு இருக்கிறது என்ற வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. வறுமையால் எத்தனை பேர், கொடுமையால் எத்தனை பேர் என்று தெரிந்தால் நலத்திட்டம் வகுக்கலாமே? சிக்கல் என்னவென்றால், அது ஏற்கெனவே தெரியும்; இதைவிட நல்ல வழியில் தெரியும். 2004இல் குட்மேக்கர் ஆய்வாளர்கள் 1,209 பெண்களிடம் பெயரில்லாக் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள். படிப்பு, வேலை, ஏனைய பிள்ளைகளின் பராமரிப்பு பாதிக்கும் என்றவர்கள் 74 சதவீதம். இப்போது குழந்தைக்குச் செலவழிக்க முடியாது என்றவர்கள் 73 சதவீதம். துணைவரோடு பிரச்சினை, தனித்தாயாக விருப்பமில்லை என்றவர்கள் 48 சதவீதம். கூட்டினால் நூறைத் தாண்டுவதிலேயே செய்தி இருக்கிறது. ஒரு பெண்ணுக்குக் காரணங்கள் நாலைந்து, ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்று மேசைக்கு எதிரே அமர்ந்து கேட்பவர் அரசின் சார்பில் கேட்கிறார் என்று தெரிந்த பெண், உண்மையைச் சொல்வாளா, தப்பிக்கும் பதிலைச் சொல்வாளா? அப்படிக் கிடைக்கும் பதிலை வைத்து எந்த ஆய்வாளரும் கட்டுரை எழுத மாட்டார். பேரவையில் உரையாற்ற வேண்டுமானால் உதவும்.

மினசோட்டா எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. காரணம் உள்ளிட்ட விரிவான விவரங்களை 1990களின் இறுதியிலிருந்து கேட்டுவந்த அந்த மாநிலம், 2023இல் கேள்விகளைப் பெருமளவு வெட்டியது.

தண்டனையின் அளவு

ஒரு படிவம் எதற்காக என்பதைத் தண்டனைப் பிரிவைப் படித்தால் தெரிந்துகொள்ளலாம். சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு மருத்துவமனைகள் தங்கள் வெற்றி விகிதங்களை சி.டி.சி.க்கு அறிவிக்க வேண்டும் என்று 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அறிவிக்காவிட்டால் என்ன ஆகும்? அறிவிக்காதவர்கள் என்ற பட்டியலில் பெயர் வரும், அவ்வளவுதான். அதுவும் கருவைக் கையாளும் துறைதான். அங்கேயும் கருக்கள் அழிகின்றன. அந்தக் கணக்குக்கு வெட்கப்பட வைக்கும் பட்டியல் போதும், இந்தக் கணக்குக்குச் சிறை வேண்டும் என்ற வேறுபாட்டை விளக்கப் புள்ளியியல் உதவாது.

இந்திய வாசகர்களுக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. ஸ்கேன் மையங்களில் நிரப்பப்படும் 'படிவம் எஃப்' கருவின் பாலினத் தேர்வைத் தடுக்க வந்தது. அதைச் சரியாக நிரப்பாததே குற்றம், எழுத்துப் பிழை என்று தப்ப முடியாது என்று 2019இல் நமது உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. நோக்கம் வேறு, சூழல் வேறு. தாளே தண்டனைக் கருவியாகும் விதம் மட்டும் ஒன்று.

கட்டாயம் கடுமையாக, எண்ணிக்கை காணாமல்

மேலே சொன்னவை உரிமை சார்ந்த வாதங்கள். புள்ளிவிவரத்தின் பார்வையிலேயே இன்னொரு கேள்வி இருக்கிறது: இந்தச் சட்டங்கள் இன்று எண்ணிக்கையைத் தருகின்றனவா?

டெக்சாஸைப் பார்க்கலாம். அறிக்கை விதிகள் மிகக் கடுமையான மாநிலங்களில் ஒன்று. கருக்கலைப்புக்குப் பின் வரும் சிக்கல்களைக்கூட மூன்று வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2017இலேயே சட்டம் போட்டது. 2020இல் ஐம்பதாயிரத்தைத் தாண்டிய அங்கத்திய அதிகாரபூர்வ எண்ணிக்கை, 2023இல் மாதத்துக்குச் சராசரி ஒற்றை இலக்கம். அரசு ஏட்டின்படி கருக்கலைப்பு ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. மறுபுறம், குடும்பத் திட்டமிடல் ஆய்வாளர் சங்கம் 2022 ஏப்ரலிலிருந்து நடத்திவரும் 'வீகவுன்ட்' கணக்கு, டெக்சாஸ் பெண்களுக்கு மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் மாத்திரைகள் அஞ்சலில் போவதைக் காட்டுகிறது. அனுப்புவோர் மாசசூசெட்ஸ், நியூயார்க் போன்ற எட்டு மாநிலங்களின் மருத்துவர்கள். வெளிமாநில வழக்குகளிலிருந்து காக்கும் 'கவசச் சட்டங்கள்' அங்கே உள்ளன. 2024 முடிவில் நாட்டின் கருக்கலைப்புகளில் நாலில் ஒன்று தொலைமருத்துவம் வழியாக நடந்தது.

படிவம் இதற்காக வகுக்கப்பட்டதல்ல. ஓர் இடம், ஒரு நாள், ஒரு மருத்துவர், ஒரு செயல் என்ற உலகத்தின் படிவம் அது. மாத்திரையை எழுதிக்கொடுத்தவர் பாஸ்டனில், விழுங்கியவர் டெக்சாஸின் லபக்கில். எந்த மாநிலத்தின் கணக்கு? டெக்சாஸ் ஏட்டில் எழுத அந்த மருத்துவருக்குப் பைத்தியமா? நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர் மார்கரெட் கார்ப்பென்டர்மீது டெக்சாஸ் 2024 டிசம்பரில் உரிமையியல் வழக்கும் லூசியானா 2025 ஜனவரியில் குற்றவியல் வழக்கும் தொடுத்தன. அதற்கு மறுமாதமே நியூயார்க், மாத்திரைக் குப்பியின் சீட்டில் மருத்துவர் பெயருக்குப் பதில் மருத்துவமனைப் பெயரை மட்டும் அச்சிடலாம் என்று சட்டம் இயற்றியது. ஒரு பக்கம் மேலும் மேலும் கட்டங்களை நிரப்பச் சொல்லும் மாநிலங்கள். மறுபக்கம் இருக்கும் பெயர்களையும் அழிக்கும் மாநிலங்கள்.

கூட்டரசு மட்டத்திலும் கட்டாயத்தை நீட்டும் திட்டம் இருக்கிறது. ஹெரிடேஜ் அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆட்சித் திட்ட நூலில் சுகாதாரத் துறை பற்றிய அத்தியாயத்தை எழுதியவர் ராஜர் செவெரினோ. ஒவ்வொரு மாநிலமும் எத்தனை, எந்த வாரம், என்ன காரணம், எந்த மாநிலப் பெண், என்ன முறை என்று தெரிவித்தே ஆக வேண்டும், மறுத்தால் நிதியை வெட்ட வேண்டும் என்கிறார். 'எந்த மாநிலப் பெண்' என்ற கட்டம் இந்தப் பட்டியலில் இருப்பது தற்செயலானதல்ல. இன்னொரு புறம், இனப்பெருக்கச் சிகிச்சை விவரங்கள் விசாரணை அமைப்புகளுக்குப் போவதைக் கட்டுப்படுத்தக் கூட்டரசு 2024இல் கொண்டுவந்த தனியுரிமை விதியை 2025 ஜூனில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

எதிர்வாதத்தின் வலு

கட்டாயத்தை நீக்கினால் தடைகளின் விளைவை யார் ஆவணப்படுத்துவது என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் கருக்கலைப்பு உரிமை ஆதரவாளர்களும் உண்டு. 1972இன் 39 சாவுகளைச் சொல்ல ஓர் ஏடு இருந்ததே என்பார்கள். சரியான கேள்வி.

பதிலுக்கு ஜார்ஜியாவைப் பார்க்கலாம். தாய்மார் மரணங்களை ஆராயும் மருத்துவக் குழு, இரண்டு பெண்களின் சாவு தவிர்த்திருக்கக் கூடியது என்று முடிவு செய்திருந்ததை 2024 செப்டம்பரில் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. நவம்பரில் மாநிலச் சுகாதார ஆணையர் அந்தக் குழுவின் உறுப்பினர் எல்லோரையும் நீக்கினார். சொன்ன காரணம், இரகசியம் கசிந்தது. டெக்சாஸின் குழுவோ 2022, 2023 ஆண்டுகளின் மரணங்களை ஆராயாமல் தாண்டிப்போக முடிவு செய்தது, அண்மைக்கால மரணங்களைச் சீக்கிரம் பார்ப்பதற்காக என்று. தடை அமலான அதே இரண்டு ஆண்டுகள். கருக்கலைப்பு ஒவ்வொன்றையும் கெடு வைத்துத் தெரிந்துகொள்ள விரும்பும் மாநிலங்களுக்குச் சாவுகளைத் தெரிந்துகொள்ள அவசரமில்லை. 1969இல் படிவத்தை உருவாக்கியவர்கள் தேடியது சாவின் காரணத்தை. அந்தத் தேடல் இன்று படிவத்திடம் இல்லை.

எஞ்சும் சிக்கல்

பல பத்தாண்டுகளாகக் கட்டாய அறிக்கையைப் பயனுள்ளதாகக் கருதிவந்த குட்மேக்கரே டாப்ஸுக்குப் பிறகு நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, பலனைவிடத் தீங்கு மிகுந்துவிட்டது, கட்டாயத்தைக் கைவிடுங்கள் என்று மாநிலங்களிடம் சொல்லிவிட்டது. எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. கட்டாயமும் விவர அளவும் தனித்தனிக் கேள்விகள். மருத்துவமனை ஆண்டுக்கு ஒருமுறை மொத்த எண்ணிக்கை, கர்ப்ப வாரத் தொகுப்பு, முறை, சிக்கல்கள் ஆகியவற்றை மட்டும் தரலாம். ஒரு பெண்ணுக்கு ஒரு தாள் என்ற முறையே தேவையில்லை. விசாரணை அமைப்புகளுக்கு அது எந்த நிலையிலும் போகக் கூடாது என்ற தடையும் சட்டத்திலேயே இருக்க வேண்டும். 1970களின் பயன்களில் பெரும்பகுதி இந்த அளவிலேயே கிடைத்துவிடும்.

ஆனால் அப்படிப்பட்ட சட்டத்தை இயற்றக்கூடிய மாநிலங்கள், அது அதிகம் தேவைப்படாத மாநிலங்கள். தேவைப்படும் மாநிலங்களில் பேரவைகள் எதிர்த்திசையில் போகின்றன. அதுவரை தடை மாநிலங்களின் நிலவரத்தை அறிய இருக்கும் வழி, வீகவுன்ட், குட்மேக்கர் போன்ற தன்னார்வக் கணக்குகள்தான். அவை மருத்துவர்களின் நம்பிக்கையாலும் அறக்கட்டளை நிதியாலும் ஓடுபவை. கவசச் சட்டங்களின்கீழ் மாத்திரை அனுப்பும் மருத்துவர்கள் எத்தனை பேர் தங்கள் எண்ணிக்கையைத் தொடர்ந்து சொல்லுவார்கள் என்பது, லூசியானா போன்ற மாநிலங்கள் தொடுக்கும் வழக்குகளின் முடிவைப் பொறுத்திருக்கிறது. அவர்களும் வாய்மூடினால், 1969க்குப் பிறகு முதன்முறையாக, அந்த நாட்டில் எத்தனை கருக்கலைப்புகள் நடக்கின்றன என்று நம்பத்தகுந்த விதத்தில் சொல்ல அரசிடமும் ஆள் இருக்காது, வெளியிலும் இருக்காது.